மணிக்கட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர்? – வாசகர் கேள்வி பதில்

கடிகாரப் பட்டைகளின் பராமரிப்பைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய பதிலுக்குப் பிறகு, பாலக்காட்டுக் கணவாயின் இரு புறமிருந்தும், செங்கோட்டை, களியக்காவிளை, நகரி போன்ற எல்லை ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடிகாரத்தின் அளவைக் குறித்தே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாக்கி, ஊர்ப்பெயரை மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: என் மணிக்கட்டின் சுற்றளவு 17 செ.மீ. படத்தைப் பார்த்து இணையத்தில் 42 மி.மீ. கடிகாரம் ஒன்றை வாங்கினேன். கையில் கட்டினால் தட்டைக் கவிழ்த்து வைத்தது போல் இருக்கிறது. என் தம்பியின் மணிக்கட்டும் அதே 17 செ.மீ.தான், அவன் வைத்திருப்பது வேறு நிறுவனத்தின் கடிகாரம் என்றாலும் அதுவும் 42 மி.மீ.தான். அவனுக்கு மட்டும் அது எப்படிப் பொருந்துகிறது? (கொழிஞ்சாம்பாறை)

பதில்: கடைகளும் விளம்பரங்களும் பெரிய எழுத்தில் அச்சிடும் 42 என்பது கடிகாரக் கூட்டின் குறுக்களவு மட்டுமே, சாவி கொடுக்கும் குமிழைக்கூட அதில் சேர்ப்பதில்லை. கடிகாரம் கையில் எப்படி உட்காரும் என்பதை அந்த எண்ணைவிட அதிகமாகத் தீர்மானிப்பது வேறோர் அளவு. பட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும் நான்கு கால்களைக் கடைக்காரர்கள் லக் என்பார்கள். மேல் காலின் நுனியிலிருந்து கீழ்க் காலின் நுனி வரையுள்ள நீளம்தான் மணிக்கட்டின் குறுக்கே படுக்கிறது. சீக்கோ நிறுவனத்தின் எஸ்கேஎக்ஸ்007 என்ற நீர்மூழ்கு கடிகாரம் 42 மி.மீ. குறுக்களவு உடையது, ஆனால் கால்நுனிக்குக் கால்நுனி அது 46 மி.மீ.தான் என்பதால், நடுத்தரக் கையிலும் அடக்கமாக அமர்ந்துவிடுகிறது. அதே 42 மி.மீ. கூட்டில் கால்கள் நீண்டு, வளையாமல் நேராக நிற்குமானால் நீளம் 50 மி.மீ.யைத் தாண்டிவிடும். உங்களுடையது அந்த வகையாகவும் தம்பியுடையது முதல் வகையாகவும் இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது.

இரண்டாவது காரணம் கையின் வடிவம். சுற்றளவு ஒன்றாக இருப்பதால் மணிக்கட்டும் ஒன்றாகிவிடாது. 17 செ.மீ. சுற்றளவுள்ள மணிக்கட்டு முழு உருண்டையாக இருந்தால் அதன் குறுக்களவு 54 மி.மீ.; சற்றுத் தட்டையாக, 62க்கு 45 என்ற நீள்வட்டமாக இருந்தாலும் சுற்றளவு ஏறத்தாழ அதே 17 செ.மீ.தான் வரும். தட்டைக் கைக்காரருக்குக் கடிகாரம் உட்காரச் சமதளம் தாராளமாகக் கிடைக்கிறது. உருண்டைக் கைக்காரருக்கு அந்தச் சமதளம் குறுகியது, அதைத் தாண்டிய கால்நுனிகள் அந்தரத்தில் நிற்கும். சுற்றளவை மட்டும் வைத்துக்கொண்டு இன்ன கைக்கு இன்ன அளவு என்று சொல்லும் அட்டவணைகளில் எனக்கு நம்பிக்கை குறைவாக இருப்பது இதனால்தான். மணிக்கட்டு 16 செ.மீ.க்குக் கீழே என்றால் கடிகாரத்தின் குறுக்களவு 34 முதல் 38 மி.மீ. வரை, 16 முதல் 18 வரை என்றால் 36 முதல் 41 வரை, அதற்கு மேல் 40 முதல் 44 வரை என்ற பொதுக்கணக்கு தேடலைத் தொடங்குவதற்குப் போதும்; பணத்தை எடுத்து நீட்டுவதற்குப் போதாது.

சமதளத்தை வீட்டிலேயே அளந்துவிடலாம். ஏ.டி.எம். அட்டையின் குறுகிய பக்கம் 54 மி.மீ.; அட்டை வடிவில் தரப்படும் ஆதாருக்கும் அதே அளவுதான். கையை மேசைமீது குப்புற வைத்து, நீங்கள் கடிகாரம் கட்டும் இடத்தில், அதாவது சுண்டுவிரல் பக்கம் துருத்தி நிற்கும் எலும்புக்குச் சற்று மேலே முழங்கைப் பக்கமாக, அட்டையின் அந்தக் குறுகிய விளிம்பைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். அட்டை இரு பக்கமும் கையின் ஓரத்தைத் தாண்டி நின்றால் உங்கள் கைக்கு 46 மி.மீ.க்கு மேற்பட்ட நீளம் ஆகாது. அட்டைக்கு இரு பக்கமும் தோல் தெரிந்தால் 48 அல்லது 49 வரை துணிந்து போகலாம். இன்னும் துல்லியம் வேண்டுவோர் பள்ளிக்கூட அடிக்கோலைக் குறுக்காக வைத்து, அது ஆடாமல் படிந்திருக்கும் பகுதியின் இரு முனைகளிலும் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளலாம். கடையில் கடிகாரத்தைக் கட்டிப் பார்க்கும்போது நான்கு கால்நுனிகளும் அந்தப் புள்ளிகளுக்கு உள்ளேயே அடங்க வேண்டும், பட்டை நுனியிலிருந்து வெளியே விரியாமல் நேராகக் கீழே இறங்க வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால் விற்பனையாளர் என்ன சொன்னாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

எஃகுச் செயினோடு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில செயின்களில் கூட்டோடு சேரும் முதல் கண்ணி கால்நுனியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, மடங்காமல் விறைப்பாக நிற்கும். அப்படி நிற்பதையும் நீளத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும், 47 மி.மீ. என்று நம்பி வாங்கியது கையில் 52 ஆகிவிடுவது இவ்வாறுதான்.

எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் வேறுபாடு சிறிது என்று எண்ணிவிடவும் கூடாது. 36 மி.மீ. கடிகாரத்துக்கும் 42 மி.மீ. கடிகாரத்துக்கும் குறுக்களவில் ஆறே மில்லிமீட்டர்தான் வேறுபாடு. முகப்பின் பரப்பில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கூடுதல். இதனோடு கண்ணின் மயக்கமும் சேர்கிறது. வெள்ளை டயல் கறுப்பு டயலைவிடப் பெரிதாகத் தெரியும். ஓரவளையம் மெலிந்து கண்ணாடி விளிம்பு வரை டயல் பரவியிருந்தால் இன்னும் பெரிதாகத் தெரியும். நீங்கள் வாங்கியது மெல்லிய ஓரமும் வெள்ளை டயலும் உடையதாக இருந்தால், தட்டு என்று நீங்கள் சொல்வதில் பாதி இதனால் வருவது.

கடைசியாக ஒன்று: முகத்துக்கு நேரே கையைத் தூக்கிப் பார்க்கும்போதும், அலைபேசியால் அருகிலிருந்து படம் எடுக்கும்போதும் எந்தக் கடிகாரமும் உள்ளதைவிடப் பெரிதாகத்தான் தோன்றும். ஆளுயரக் கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டு நின்று பார்த்துவிட்டு, திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை துபாயில் வேலை பார்க்கிறார். நிச்சயத்தன்று ஒருமுறை பார்த்ததோடு சரி. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவருக்கு வாட்ச் வாங்கி வைக்க வேண்டும். கையளவைக் கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது. எப்படி வாங்குவது? (மார்த்தாண்டம்)

பதில்: மாப்பிள்ளையிடம் கேட்கக் கூச்சம் என்றால் அவருடைய தாயாரிடமோ தங்கையிடமோ கேட்பதில் குறையொன்றுமில்லை, மோதிரத்துக்கு அளவு கேட்காமலா வாங்குகிறோம்? வீட்டில் அவர் விட்டுச் சென்ற பழைய கடிகாரம் இருந்தால் வேலை எளிது. தோல்பட்டையில் அவர் வழக்கமாக மாட்டிய துளை மட்டும் நீண்டு, அதன் அருகே மடிப்பு விழுந்திருக்கும். அந்தத் துளையில் பூட்டி, உட்புறமாக ஒரு நூலைச் சுற்றி அளந்தால் கையளவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. குறுக்களவு உடையது. அதைப் பழைய கடிகாரத்தின் அருகே தரையில் வைத்து நேர் மேலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னால், அவருக்குப் பழகிய அளவு எது என்பதையும் கணக்கிட்டுவிடலாம்.

இவை எதற்கும் வழியில்லாதபோது 38 முதல் 40 மி.மீ. குறுக்களவு, 47 மி.மீ.க்கு மேற்படாத கால்நுனி நீளம், 11 மி.மீ.க்கு மேற்படாத தடிமன் என்ற எல்லைக்குள் வாங்குங்கள். ஒல்லியான கைக்கும் அது பெரிதாகாது, தடித்த கைக்கும் சிறிதாகாது. விருந்தாளிகள் கண்ணுக்குப் படவேண்டும் என்பதற்காகப் பொன்முலாம் பூசிய 45 மி.மீ. செயின் வாட்ச் வாங்குவது உங்கள் பக்கத்தில் நான் அடிக்கடி காண்பது. வளைகுடாவிலிருந்து பெட்டியில் வந்த பெரிய வாட்சுகளைப் பார்த்து வளர்ந்த பழக்கம் அது. திருமண ஆல்பத்தோடு அதன் பயன் முடிந்து, பிறகு பீரோவில்தான் கிடக்கிறது. செயினானால் பந்தலில் கட்டும்போது தொளதொளக்கக்கூடும், மறுநாள் கடைக்குப் போய்க் கண்ணி கழற்ற வேண்டியிருக்கும். தோல்பட்டையில் துளை மாற்றிப் பூட்டினால் போதும். வழக்கமான தோல்பட்டையின் நீளத் துண்டு 115 மி.மீ.யும் குட்டைத் துண்டு 75 மி.மீ.யும் இருக்கும், சராசரிக் கைகளுக்கு அது சரியாக வரும். மிகவும் ஒல்லியான கையானால் நுனி வளையத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: மூணாறில் தேயிலை எஸ்டேட் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். ஸ்வெட்டர் கை கடிகாரத்தில் மாட்டிக்கொள்கிறது. எழுதும்போது குமிழ் புறங்கையில் குத்துகிறது. 40 மி.மீ.தான், பெரிதென்று சொல்ல முடியாது. (மூணாறு)

பதில்: உங்கள் குறை குறுக்களவால் வந்ததன்று, தடிமனால் வந்தது. அளவு கேட்டு வாங்குகிறவர்களில் தடிமனைக் கேட்கிறவர் மிகச் சிலரே. கேசியோ ஜி-ஷாக்கின் சதுரமான டிடபிள்யூ-5600 மாதிரி 13.4 மி.மீ. தடிமன் உடையது, அதே நிறுவனத்தின் எளிய எஃப்-91டபிள்யூ 8.5 மி.மீ. மட்டுமே. டைட்டன் 2002இல் கொண்டுவந்த எட்ஜ் கடிகாரத்தின் மொத்தத் தடிமனே 3.5 மி.மீ. கை அசைவில் தானே முறுக்கேறும் ஆட்டோமேட்டிக் கடிகாரங்களுக்குள் ஒரு சுழல்தகடும் இருப்பதால் அவை இயல்பாகவே பேட்டரிக் கடிகாரங்களைவிடத் தடித்தவை. குளிருக்குக் கம்பளிச் சட்டை போடும் ஊரில் 10 மி.மீ.க்குக் குறைந்த, விளிம்பு சரிவான கூடு வாங்கினால் சட்டைக்கை அதன்மேல் வழுக்கிக்கொண்டு இறங்கும். கண்ணாடி புடைத்து விளிம்பு மெலிந்திருக்குமானால் அட்டையில் 11 என்று போட்டிருந்தாலும் கையில் அவ்வளவு தெரியாது. பக்கச்சுவர் செங்குத்தாக நின்றால் பத்துகூடத் தடிப்பாகத்தான் படும். ஆகவே எண்ணைக் கேட்டுவிட்டு, கடிகாரத்தைப் பக்கவாட்டிலும் திருப்பிப் பாருங்கள்.

குமிழ் குத்துவதற்குக் கடிகாரம் மணிக்கட்டு மூட்டிலேயே தளர்ந்து கிடப்பதுதான் பெரும்பாலும் காரணம். ஒரு துளை இறுக்கி, துருத்திய எலும்புக்கு மேலே கட்டிப் பாருங்கள். அதன்பிறகும் குத்தினால், குமிழ் 3 மணிப் பக்கத்தில் இல்லாமல் 4 மணிக்கு இறங்கியிருக்கும் மாதிரிகளில் ஒன்றைத் தேடலாம். மேலே சொன்ன சீக்கோவில் குமிழ் அங்கேதான் இருக்கிறது. வலக்கையில் கட்டிக்கொள்வது செலவில்லாத வழி, ஆனால் எழுத்தருக்கு அது தொல்லைதான்.

கேள்வி: ஐம்பது வயதாகிறது, விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். பெண்களுக்கென்று கடையில் காட்டும் கடிகாரங்களில் மணி தெரிவதில்லை. ஆண்கள் கடிகாரம் கட்டினால் நன்றாக இருக்குமா? வளையலும் போடுகிறேன். (நகரி)

பதில்: பெண்கள் கடிகாரம், ஆண்கள் கடிகாரம் என்பதெல்லாம் கண்ணாடிப் பேழையில் அடுக்கி வைப்பவரின் வசதிக்காக ஏற்பட்ட பிரிவு. 22, 24 மி.மீ. டயலில் எண்களுக்குப் பதில் கற்களைப் பதித்துவிட்டால் இருபது வயதுக்காரருக்கே நேரம் பார்ப்பது சிரமம். மணிக்கட்டு 14 முதல் 15.5 செ.மீ. வரை இருக்கும் பெண்களுக்கு 30 முதல் 34 மி.மீ. வரை தயங்காமல் வாங்கலாம். கால்நுனி நீளம் 42க்குள் அடங்குமானால் 36 மி.மீ.யும் தவறில்லை. அதைவிட முக்கியம் டயலின் எழுத்தமைப்பு. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எண்கள் பன்னிரண்டும் முழுமையாக எழுதியிருந்து, முட்கள் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியுமானால், 32 மி.மீ. கடிகாரம் கல் பதித்த 36 மி.மீ.யைவிடத் தெளிவாக மணி காட்டும். பொன்னிற டயலில் பொன்னிற முள் இருப்பதை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

வளையலைக் கடிகாரக் கையில் போடாதிருப்பதே நல்லது. கண்ணாடியின் விளிம்பு நொறுங்குவதும், மென்மையான தங்கத்தில் எஃகு கீறுவதும் ஒருசேர நடக்கும். ஒரு கையில் வளையல், மறு கையில் கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையிலும் வளையல் வேண்டும் என்றால் கடிகாரத்தை எலும்புக்கு மேலே இறுக்கமாகக் கட்டி, வளையல் கைப்பக்கம் விழும்படி விட வேண்டும். அப்போது கூடு 8 மி.மீ.க்குள் மெலிந்ததாக இருப்பது அவசியம். தறிக்கூடத்தில் ஓடும் தறிக்கு அருகே போகும்போது இரண்டையுமே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதா கடிகாரத்தைப் பழுது பார்த்துக் கட்டியிருக்கிறேன். கல்லூரியில் நண்பர்கள் லேடீஸ் வாட்ச் என்கிறார்கள். என் மணிக்கட்டு 17.5 செ.மீ. (செங்கோட்டை)

பதில்: ஜனதா சுமார் 35 மி.மீ. அளவுடையது, உங்கள் தாத்தா காலத்தில் அதுதான் முழு அளவு ஆண்கள் கடிகாரம். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கியபோது உலகெங்கும் 33 முதல் 36 மி.மீ. வரை இருப்பதே வழக்கம். 44, 46 என்று பெருத்தது 2000க்குப் பிந்தைய மோகம், அதுவும் இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது. 39 மி.மீ. வரை வளர்த்திருந்த எக்ஸ்ப்ளோரர் கடிகாரத்தை ரோலெக்ஸ் 2021இல் மறுபடி 36 மி.மீ.க்கே கொண்டுவந்துவிட்டது. உங்கள் நண்பர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை போலும்.

கட்டும் விதத்தில் சிறிது கவனம் வையுங்கள். ஜனதாவின் கால்களுக்கிடையே 18 மி.மீ. பட்டை நுழையும். பஞ்சு வைத்துத் தைத்த தடித்த பட்டையைப் போட்டால் கடிகாரம் அதற்குள் ஒடுங்கிப்போகும். மெல்லிய, தையல் தெரியாத, பக்கிள் பக்கம் 16 மி.மீ. ஆகக் குறுகும் தோல்பட்டை அதற்குப் பொருத்தம். கூட்டின் அளவில் ஏறக்குறையப் பாதி என்பது பட்டை அகலத்துக்கு நல்ல கணக்கு. அதற்காக 20 மி.மீ. பட்டையின் ஓரத்தை வெட்டித் திணிக்கும் வேலை வேண்டாம். பட்டை நுனி சுருங்கி, பட்டையைக் கால்களோடு இணைக்கும் ஸ்பிரிங் பின் என்ற சிறு கம்பியும் வளைந்துவிடும்.

கேள்வி: சதுரக் கடிகாரத்துக்கும் இதே கணக்குத்தானா? (குமுளி)

பதில்: இல்லை, சில மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கம் 35 மி.மீ. உள்ள சதுரத்தின் மூலைக்கு மூலை 49 மி.மீ.க்கு மேல். வட்டத்தில் 40 கட்டுகிறவருக்குச் சதுரத்தில் 34, 35 போதுமானது.

கேள்வி: அம்மாவுக்கு நாடித்துடிப்பு காட்டும் ஸ்மார்ட் வாட்ச் வாங்க வேண்டும். ஒல்லியான கை. (சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

பதில்: ஆப்பிள் போன்ற செவ்வக ஸ்மார்ட் வாட்சுகளில் 42, 46 என்று குறிப்பிடுவது குறுக்களவை அன்று, கூட்டின் உயரத்தை, தனியே கால்கள் இல்லாததால் அந்த எண்ணே கையில் படியும் நீளம். எனவே ஒல்லியான கைக்கு இரண்டில் சிறியதையே வாங்குங்கள். இங்கே அழகைவிடவும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அடியிலுள்ள ஒளியுணரி தோலோடு ஒட்டியிருந்தால்தான் துடிப்பைச் சரியாகப் படிக்கும். கையின் வளைவில் பெரிய கூடு ஆடிக்கொண்டிருந்தால் எண்கள் தாறுமாறாக வரும். அவற்றை நம்பி மருந்து மாத்திரையில் கைவைக்க வேண்டாம். துளைப் பட்டையைவிட ஒட்டிப் பிரிக்கும் துணிப்பட்டை வயதானவர்களுக்கு எளிது.

கேள்வி: புதிய செயின் வாட்சில் கண்ணி கழற்றித் தந்தார்கள். ஆனால் பூட்டு கைக்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, மாலையில் இறுக்குகிறது. (கூடலூர், தேனி மாவட்டம்)

பதில்: அவசரத்தில் ஒரே பக்கத்திலிருந்து எல்லாக் கண்ணிகளையும் எடுத்திருப்பார்கள். இரு பக்கமும் சமமாக எடுக்க வேண்டும்; ஒற்றைப்படையில் வந்தால், பூட்டு எந்தப் பக்கம் தள்ளி நிற்கிறது என்று கட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கழற்றிய கண்ணிகளைக் கேட்டு வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவற்றை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போய், ஒரு பக்கம் ஒன்றைச் சேர்த்து மறுபக்கம் ஒன்றைக் குறைக்கச் சொல்லுங்கள். கண்ணியின் உட்புறம் பொறித்திருக்கும் அம்புக்குறியின் திசையிலேயே பின்னைத் தள்ளி எடுக்க வேண்டும். எதிர்த்திசையில் அடித்தால் துளை தேய்ந்து பின் நிற்காது.

மாலையில் இறுக்குவது இயல்பு. வெயிலிலும் வேலையிலும் மணிக்கட்டு சற்று உப்பும். காலையில் குளித்துவிட்டு வந்த கையில் அளவெடுத்தால் மாலையில் பிடிக்கும். அளவெடுக்கக் கடைக்குப் பிற்பகலில் போங்கள். பூட்டின் ஓரத்தில் வரிசையாகச் சிறு துளைகள் இருந்தால் முழுக் கண்ணியைச் சேர்க்கத் தேவையில்லை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பின்னை ஒரு துளை வெளியே தள்ளிப் போட்டாலே சுண்டுவிரல் நுனி நுழையுமளவு இடம் கிடைத்துவிடும்.